தெருக்கூத்துப் படங்கள் மூன்று: கரைந்த முகம், குறுக்குப் பட்டை, மைக் மறைத்த கட்டியக்காரன். விமர்சனம் வேண்டும்

செம்மண்_சட்டகம்:

மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். செய்யாறு பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து, துகிலுரிதல் இரவு. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி மிரர்லெஸ், 50 மிமீ எஃப் 1.8, கிட் லென்ஸ் 18-55. களரிக்கு (கூத்தாடும் இடம்) இரண்டு பக்கமும் கம்பத்தில் எல்இடி ஃபோகஸ் லைட். பின்பாட்டுக்காரர்கள் தலைக்கு மேல் ட்யூப் லைட். மின்சாரம் பெரும்பாலும் கோயில் லைன், நடுவில் கொஞ்ச நேரம் ஜெனரேட்டர்.

படம் 1: திரை விலகும் நொடி, துச்சாதனன். 50 மிமீ, எஃப் 1.8, 1/160, ஐஎஸ்ஓ 3200. அப்பர்ச்சர் முன்னுரிமை, ஆட்டோ வொயிட் பேலன்ஸ். அரிதாரச் சிவப்பு ஒரே பூச்சாக நிற்கிறது, கன்னத்து மடிப்பு கூடத் தெரியவில்லை. ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தைத் தொடவே இல்லை, அதனால்தான் குழப்பம்.

படம் 2: சுழன்றாடும்போது, கிடைமட்டச் சட்டகம். 50 மிமீ, எஃப் 1.8, 1/320, ஐஎஸ்ஓ 6400, சைலன்ட் ஷட்டர். குறுக்கே ஐந்து ஜோடிப் பட்டைகள், ஒன்று வெளிச்சம் ஒன்று இருட்டு என்று.

படம் 3: கட்டியக்காரன் (கூத்தின் கோமாளி) கூட்டத்தோடு வம்பளக்கிறார். 18 மிமீ, எஃப் 3.5, 1/30, ஐஎஸ்ஓ 3200. முகம் தெளிவில்லை, மைக் வாயை மறைக்கிறது.

மூன்றிலும் போன் ஆப்பில் இரைச்சல் (மணல் போன்ற புள்ளிகள்) நீக்கினேன். முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிட்டது. வேறு இரண்டு குழுவில் போட்டபோது "அருமை", "செம" தவிர ஒன்றும் வரவில்லை. எதைத் திருத்துவது, எந்த வரிசையில் என்று சொன்னால் நல்லது.

———

பழைய_ஃபிலிம்:

செட்டிங்கை முழுதாக எழுதியதற்கு நன்றி. வாட்ஸாப்பில் சுற்றிவரும் படத்தில் இந்த விவரமெல்லாம் உதிர்ந்துவிடும். அங்கே "அருமை"யைத் தாண்டி எவரும் போகாததற்கு அது பாதிக் காரணம்.

படம் 1-லிருந்து தொடங்குகிறேன், மற்ற இரண்டுக்கும் வேர் அதில்தான் இருக்கிறது.

சட்டகத்தில் முக்கால் பங்கு இருட்டு. அப்பர்ச்சர் முன்னுரிமையில் மீட்டர் மொத்தப் பரப்பையும் சராசரி பார்க்கும். இருட்டைக் கண்டதும் வெளிச்சம் போதாது என்று முடிவுகட்டி ஏற்றிவிடும். உங்கள் ராவை (கேமரா பதப்படுத்தாமல் பதித்த கோப்பு) திறந்து பார்த்தேன். ஒன்றே கால் ஸ்டாப்புக்குக் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) கொஞ்சம் கூடுதலாக மிகை, கணக்குக்கு 1⅓ என்று வையுங்கள். பின்னணியும் கருப்பாக இல்லாமல் சாம்பலாக எழும்பி நிற்கிறது. உங்கள் கண்ணை உறுத்தும் இரைச்சலில் பெரும்பகுதி அந்தச் சாம்பலில்தான் குடியிருக்கிறது, முகத்தில் இல்லை.

ஹிஸ்டோகிராம் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? நீங்கள் பார்த்தது பிரகாச ஹிஸ்டோகிராம், அந்த ஒற்றை வெள்ளை மேடு. வழக்கமான கணக்கில் அதில் பச்சைக்கு 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11. முகமெல்லாம் சிவப்பாக இருக்கும்போது சிவப்புச் சேனல் உச்சியில் முட்டி நசுங்கினாலும், பச்சையும் நீலமும் கீழே கிடப்பதால் சராசரி நடுவிலேயே நிற்கும். மெனுவில் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை ஏற்றுங்கள், மூன்று மேடும் தனித்தனியாக வரும். கூத்துக்கு வேறெதையும் நம்ப வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் ராவிலிருந்து வருவதில்லை, உள்ளே உருவாகும் ஜேபெக்கிலிருந்து வருகிறது. பிக்சர் ஸ்டைல் "விவிட்" என்றால் சிவப்பு உண்மையைவிட முன்னதாகவே வெட்டுப்பட்டதாகக் காட்டும். "நியூட்ரல்" வைத்து, சாச்சுரேஷனை ஒரு படி இறக்கினால் ராவுக்குக் கிட்டத்தட்ட நெருங்கிய படம் கிடைக்கும். திரையில் பார்க்க வெளிறித்தான் இருக்கும், பரவாயில்லை.

இனி எண். எஃப் 1.8, 1/160, ஐஎஸ்ஓ 3200 என்பது 1⅓ ஸ்டாப் மிகை. அதே வெளிச்சத்தில் எஃப் 2, 1/100 வைத்தால் ஐஎஸ்ஓ 1000 போதும். ஆமாம், ஆயிரம்தான். படம் 2-ஐயும் பாருங்கள்: எஃப் 1.8, 1/320, ஐஎஸ்ஓ 6400 என்பதும் அதே அளவு வெளிச்சத்தைத்தான் தருகிறது, அதாவது அதே 1⅓ மிகை. 1/320-க்கு ஐஎஸ்ஓ 2500 போதுமாயிருந்தது.

ஆகவே மேனுவலுக்குப் போங்கள். எஃப் 2, 1/100, ஐஎஸ்ஓ 1000 வைத்து ஒரு படம் எடுத்து, சிவப்பு மேட்டைப் பார்த்து மூன்றில் ஒரு ஸ்டாப்பாக நகருங்கள். களரி விளக்கு இரவு முழுக்க மாறாது, மாறுவது நடிகர் நிற்கும் இடம்தான். விளக்கிலிருந்து விலகி ஓரத்துக்கு வந்தால் ஒரு ஸ்டாப் குறையும், ஐஎஸ்ஓ 2000. கூட்டத்துக்குள் வந்துவிட்டால் இரண்டு ஸ்டாப் குறையும், 4000. இந்த மூன்று எண்ணையும் மனதில் வைத்து ஐஎஸ்ஓ சக்கரத்தை மட்டும் உருட்டினால் போதும். மேனுவலோடு ஆட்டோ ஐஎஸ்ஓ சேர்த்தால் பழைய கதைதான், இருட்டு மறுபடி மீட்டரை ஏமாற்றும்.

கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் (தோளில் கட்டும் இறக்கை போன்ற அணி) ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் வெளுத்துப் போவதைப் பற்றி யாராவது குறை சொன்னால் கேட்காதீர்கள். அவை விளக்கையே திருப்பிக் காட்டுகின்றன, வெளுக்கத்தான் வேண்டும். அதைக் காப்பாற்ற இறக்கினால் முகம் செத்துவிடும்.

———

மின்வாரியம்_அல்ல:

படம் 2-ன் பட்டைக்கு வருகிறேன். இது கேமராக் கோளாறு இல்லை, விளக்கும் ஷட்டரும் ஒத்துப்போகாத சிக்கல்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றில் இரண்டு உச்சம் என்பதால் விளக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது, ஒரு ஏற்ற இறக்கத்துக்கு 10 மில்லி நொடி. குண்டு பல்பிலும் ஆலஜனிலும் இழை சூடாகவே இருப்பதால் இறக்கம் லேசாகத்தான் தெரியும். விலை குறைந்த எல்இடி ஃபோகஸ் லைட்டுக்குள் மின்னோட்டத்தைச் சமப்படுத்தும் கெப்பாசிட்டர் சிறிதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அதனால் கிட்டத்தட்ட அணைந்து எரிகிறது. பழைய செப்புச் சோக் ட்யூப் லைட்டும் இந்த 100 தாளத்தில்தான் துடிக்கும். எலக்ட்ரானிக் சோக் போட்டது பல ஆயிரம் தடவை துடிப்பதால் தொல்லை இல்லை.

சைலன்ட் ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கப்படுகிறது. படத்தில் ஐந்து வெளிச்ச–இருட்டு ஜோடி இருக்கிறது. ஒரு ஜோடிக்கு 10 மில்லி நொடி என்றால், உங்கள் கேமரா முழுச் சட்டகத்தையும் படிக்க 50 மில்லி நொடி, அதாவது 1/20 நொடி எடுக்கிறது. இந்தத் தர கேமராவுக்கு இது இயல்பான வேகம். 1/320 என்பது ஒவ்வொரு வரிக்கும் 3 மில்லி நொடி வெளிச்சம். ஒரு வரிக்கு உச்சம் கிடைக்கிறது, அடுத்த சில நூறு வரிகளுக்குப் பள்ளம் கிடைக்கிறது. அதுதான் பட்டை. கேமராவை நிமிர்த்திப் பிடித்திருந்தால் பட்டையும் நெட்டுக்குத்தாக நின்றிருக்கும், மற்றபடி மாற்றமில்லை.

அந்த 1/20 நொடி இன்னொரு வேலையும் செய்திருக்கிறது, கவனித்தீர்களா? நடிகர் நொடிக்கு ஒரு சுற்று சுற்றினால் 50 மில்லி நொடியில் 18 டிகிரி திரும்பிவிடுவார். உங்கள் சட்டகத்தில் அவர் முக்கால் உயரம் நிற்கிறார். கிரீடம் படிக்கப்பட்ட பிறகு கால் படிக்கப்படுவதற்குள் ஏறக்குறைய 14 டிகிரி திரும்பியிருக்கிறார். இடுப்பு முறுக்கியது போலத் தெரிவது அடவு (ஆட்ட அசைவு) அல்ல.

செய்ய வேண்டியது: மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். ஷட்டர் திரை நகர 4, 5 மில்லி நொடிதான் ஆகும், பல பட்டைகள் விழ வழியே இல்லை. ஆனால் 1/320-லேயே நின்றால் ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது இருட்டாக, சில படங்களில் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் நிறமே வேறாக வரும். முழுத் தீர்வு 1/100 அல்லது 1/50. 1/100 என்றால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழு ஏற்ற இறக்கம் சரியாக மாட்டும், எங்கே தொடங்கினாலும் மொத்த வெளிச்சம் ஒன்றே. 1/125 கிட்டத்தட்ட சரிதானே என்று வைக்காதீர்கள், 8 மில்லி நொடியில் ஐந்தில் ஒரு பங்கு விட்டுப்போகும், லேசான ஏற்றத்தாழ்வு தெரியும். கேமராவில் ஷட்டர் படி ½ என்று இருந்தால் 1/90, 1/125 என்றுதான் நகரும், ⅓ படிக்கு மாற்றினால் 1/100 கிடைக்கும்.

மெனுவில் "ஆன்ட்டி-ஃப்ளிக்கர்" இருந்தால் ஏற்றிவையுங்கள். விளக்கின் துடிப்பைப் பார்த்து உச்சத்தில் ஷட்டரைத் திறக்கும். 1/320 கட்டாயம் வேண்டும் என்றால் அதுதான் வழி. பெரும்பாலான கேமராக்களில் மெக்கானிக்கலோடு மட்டுமே வேலை செய்யும், தொடர் படங்களின் வேகமும் கொஞ்சம் குறையும்.

விளக்கைச் சோதிக்கத் தனிக் கருவி வேண்டாம். போன் கேமராவின் புரோ மோடில் 1/1000 வைத்து விளக்கை நோக்கித் திருப்புங்கள். திரையில் தடித்த பட்டை ஓடினால் 1/100-ஐ விட்டு நகராதீர்கள். ஓடவில்லை என்றால் உங்கள் விருப்பம்.

———

களரியோரம்:

மின்வாரியம் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் "1/100 வை" என்று சொல்லிவிட்டுப் போனால் சுழற்சி மங்கும் என்பதையும் சொல்ல வேண்டுமே.

கணக்கே போட்டுவிடலாம். நொடிக்கு ஒரு சுற்று, பாவாடை விளிம்பு நடுவிலிருந்து 60 செமீ. விளிம்பின் வேகம் நொடிக்கு 3.8 மீட்டர். 1/100-ல் அது கிட்டத்தட்ட 4 செமீ நகரும். படம் 2-ன் சட்டக உயரம் ஏறக்குறைய 2.8 மீட்டர், அதற்கு 4000 பிக்சல், ஆக ஒரு பிக்சல் 0.7 மிமீ. விளிம்பு 54 பிக்சல் இழுபடுகிறது. 1/320 வைத்தும் 17 பிக்சல் இழுபட்டிருக்கிறது, பெரிதாக்கிப் பாருங்கள். அதாவது 1/320-ஆலும் பாவாடை உறையவில்லை. பட்டையையும் வாங்கிக்கொண்டு, உறைவும் கிடைக்காத ஷட்டர் அது.

முகம் வேறு கதை. அது சுழல் அச்சுக்குப் பக்கத்தில், 10 செமீ தள்ளித்தான் இருக்கிறது. 1/100-ல் 6 மிமீ, 9 பிக்சல். இணையத்துக்கு 2048 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் 3 பிக்சல். அதுவும் நடுச் சுற்றில். சுற்றை முடித்துக் காலை உதைத்து நிற்கும் இடம் ஒன்று வரும். தாளக்காரர் தீர்மானம் (முடிப்புத் தாளம்) வைப்பதைக் காதில் வாங்கினால் அது வருவது முன்கூட்டியே தெரியும். அந்த இடத்தில் முகம் நின்றுவிடும், பாவாடை இன்னும் அரைச் சுற்று சுழன்றுகொண்டிருக்கும். 1/100-ல் முகம் கூர்மை, துணி ஓட்டம். கூத்தின் வேகம் இப்படித்தான் படத்தில் தெரியும். எல்லாம் உறைந்தால் கட்டை வேடம் (கிரீடமும் புஜக்கட்டையும் அணியும் வேடம்) கட்டிய பொம்மை நிற்கிறது.

இழுவையே வேண்டும் என்றால் துணிந்து 1/15-க்குப் போங்கள். இடைப்பட்ட 1/40, 1/60 எல்லாம் கைநடுக்கம் போலத்தான் தெரியும்.

இப்போது சட்டகம். படம் 2-ஐக் கிடைமட்டமாக எடுத்ததால் ஏறக்குறைய 9 மீட்டர் தள்ளி நின்றிருக்கிறீர்கள், இரு பக்கமும் வெற்று இருட்டு. கிரீடத்தோடு சேர்த்து வேடம் 2.2 மீட்டர் உயரம் வரும். நிமிர்த்திப் பிடித்தால் 50 மிமீக்கு 5½ மீட்டர் போதும், தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு. கிரீட உச்சியை வெட்டுவது இந்தக் குழுவில் வாரம் ஒரு தடவையாவது வரும் தவறு. கூத்தில் கிரீடம் தொப்பி அல்ல, முகத்தின் பகுதி. அதை வெட்டினால் நெற்றியை வெட்டின மாதிரி. புஜக்கட்டையும் அப்படியே: ஒன்று இரண்டு பக்கமும் முழுசாக வரட்டும், இல்லாவிட்டால் முகத்துக்கு நெருங்கிப்போய் இரண்டையும் தெளிவாக விட்டுவிடுங்கள். பாதி இறக்கை தொங்கக் கூடாது.

5 மீட்டரில் எஃப் 1.8-க்கு 70 செமீ ஆழம் கூர்மையாக இருக்கும், தாராளம். 2½ மீட்டருக்கு நெருங்கி அரை உருவம் எடுத்தால் அது 18 செமீயாகச் சுருங்கிவிடும். கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் நீட்டிய கை போய்விடும். அங்கே எஃப் 2.8, ஐஎஸ்ஓ 2000. அரிதாரம் பூசிய முகத்தை ஐ-ஏஎஃப் (கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோ ஃபோகஸ்) சில சமயம் முகமென்றே ஒப்புக்கொள்ளாது. மையை இழுத்த கண் மேல் ஒற்றைப் புள்ளியை நீங்களே வைத்து, தொடர் ஃபோகஸில் விடுங்கள்.

படம் 1-ல் கிரீடத்துக்கு நேர் பின்னால் ட்யூப் லைட் ஒரு வெள்ளைக் கம்பியாக நிற்கிறதே, அதை ஒருவரும் சொல்லவில்லை. மற்றபடி இந்த மூன்றில் நல்ல படம் அதுதான். திரையைப் பிடித்திருக்கும் இரண்டு கையும், திரைக்கு மேலே எழும் முகமும் சரியான நொடியில் விழுந்திருக்கின்றன. அரை அடி இடப்பக்கம் நகர்ந்து, தரையில் உட்கார்ந்திருந்தால் ட்யூப் லைட் கிரீடத்துக்குப் பின்னால் ஒளிந்து விளிம்பொளியாக மாறியிருக்கும். கூத்தில் உட்கார்ந்து எடுப்பதுதான் முறையும்கூட. நின்றால் பின்னால் இருக்கும் பாட்டி சும்மா விடமாட்டார்.

ஃப்ளாஷ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும்: வேண்டாம். ஒவ்வொரு கண்ணாடித் துண்டும் ஃப்ளாஷைத் திருப்பி அடிக்கும், அரிதாரம் எண்ணெய் பூசியது போல மினுங்கும். அதற்கு மேல், துகிலுரிதலில் கற்பூரம் ஏற்றும் கட்டத்தை ஊர்மக்கள் வழிபாடாகப் பார்க்கிறார்கள். வேடம் கட்டும் இடத்துக்குப் போவதற்கு முன் கூத்து வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

———

செம்மண்_சட்டகம்:

மிக்க நன்றி. சைலன்ட் ஷட்டர் வைத்ததே சத்தம் தொந்தரவாகக் கூடாது என்றுதான். படம் 3-ஐப் பற்றியும், இரைச்சல் நீக்கம் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? கெட்டுப்போன படம் 1-ஐக் கருப்பு வெள்ளையாக்கிக் காப்பாற்றலாமா?

———

பழைய_ஃபிலிம்:

ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் ஒலிபெருக்கி வழியாகப் பாயும் இடத்தில் ஷட்டர் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது.

படம் 3: தெளிவின்மைக்கு மூன்று காரணம் இருக்கலாம், படத்தைப் பார்த்தே பிரித்தறியலாம். கம்பமும் மைக் ஸ்டாண்டும் கூர்மையாக இருக்கின்றன, ஆகவே கை நடுக்கம் இல்லை. 18 மிமீ, எஃப் 3.5-ல் 2 மீட்டருக்கு ஃபோகஸ் வைத்தால் 1.4 முதல் 3½ மீட்டர் வரை எல்லாமே தெளிவு, ஆகவே ஃபோகஸ் தவறும் இல்லை. மிச்சம் அவருடைய அசைவு. 1/30-ல் தலையாட்டிப் பேசுபவர் மங்கத்தான் செய்வார். கூட்டத்தோரத்தில் வெளிச்சம் குறைவு, எஃப் 3.5-ல் 1/100 வைத்தால் ஐஎஸ்ஓ 10000 வரை போகும். 1/50, ஐஎஸ்ஓ 5000 வையுங்கள், பட்டை பயமும் இல்லை. அவர் கேள்வி போட்டுவிட்டுக் கூட்டத்தின் பதிலுக்காகக் காதைக் கொடுத்து நிற்பாரே, அங்கே அழுத்துங்கள். நகைச்சுவையின் உச்சமும் அதுதான், அசைவு குறைந்த இடமும் அதுதான். 18-55-ல் ஜூம் செய்யாதீர்கள், 55 மிமீக்குப் போனால் எஃப் 5.6, இன்னும் 1⅓ ஸ்டாப் போய்விடும்.

மைக்: ஒரு எட்டு பக்கவாட்டில் வைத்தால் வாயிலிருந்து விலகும். மைக்கை அழிப்பானால் நீக்காதீர்கள். இன்றைய களரியில் மைக்கும் ஒரு பாத்திரம்தான், முகத்தை மறைக்காத வரை இருக்கட்டும்.

கருப்பு வெள்ளை: செய்யலாம். சிவப்புச் சேனல்தான் நசுங்கியிருக்கிறது, பச்சைச் சேனலில் முக விவரம் அப்படியே இருக்கிறது. சேனல் மிக்சரில் மோனோக்ரோம் வைத்து சிவப்பு 0, பச்சை 80, நீலம் 20. கன்னத்து மடிப்பு, நெற்றிச் சுருக்கம் எல்லாம் எழுந்து வரும்.

———

களரியோரம்:

வரும். ஆனால் துச்சாதனன் போய்விடுவாரே! பச்சைச் சேனலில் சிவப்பு முகம் கரி முகமாகும். அரிதாரத்தின் நிறம்தான் கூத்தில் குணத்தைச் சொல்வது, வேடம் மேடைக்கு வந்ததும் முதல் வரிசைப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் ஆள் யாரென்று சொல்வார்கள். என் கணக்கில் அது காப்பாற்றல் அல்ல, வேறு படம். ஒப்பனை நடக்கும்போது, பாதி பூசிய முகத்தைக் கருப்பு வெள்ளையில் எடுங்கள், அதற்குப் பொருள் இருக்கிறது.

———

இரைச்சல்_குறை:

இருவர் சண்டைக்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது: வண்ணத்திலேயே மீட்கலாம். ராவில் 1⅓ மிகைதான், முழுக்கப் போகவில்லை. வரிசையைச் சொல்கிறேன், மாற்றிச் செய்தால் வராது.

முதலில் வொயிட் பேலன்ஸ். ஆட்டோ கொடுத்த 6100 கெல்வினை 4800-க்கு இறக்குங்கள். கெல்வின் கூடினால் சிவப்புச் சேனலைத்தான் பெருக்குகிறது, அதனாலேயே ராவில் இருக்கும் விவரம் திரையில் வெட்டுப்படுகிறது. எல்இடி தரும் பச்சைச் சாயலுக்கு டின்ட்டை மெஜந்தா பக்கம் 12 முதல் 15. வெள்ளைக்கு அளவுகோலாக ஆர்மோனியக்காரரின் வேட்டியை எடுக்காதீர்கள், அவர் ட்யூப் லைட்டின் கீழ் இருக்கிறார். முகத்தில் இருக்கும் வெள்ளைப் புள்ளியைக் கிளிக் செய்யுங்கள். இரண்டு வகை விளக்கும் ஒரே படத்தில் சரியாகாது. முகத்துக்குச் சரி செய்துவிட்டுப் பின்னணியை அதன் போக்கில் விடுங்கள்.

அடுத்து எக்ஸ்போஷர் −1.3, ஹைலைட் −40. பிறகு பிளாக் ஸ்லைடர் −20: சாம்பலாக எழும்பிய பின்னணி மறுபடி கருப்பில் அமரும், இரைச்சலில் பாதி அங்கேயே மறையும், ஒரு நீக்கியும் தொடாமல்.

அப்புறம் சிவப்பு மட்டும். வண்ணப் பகுதியில் சிவப்பின் சாச்சுரேஷன் −20, லூமினன்ஸ் −10. சாச்சுரேஷனை ஏன் இறக்க வேண்டும் என்றால், எடிட்டர் உள்ளே பரந்த வண்ண வெளியில் வேலை செய்கிறது. எஸ்ஆர்ஜிபி (இணையத்தின் வழக்கமான, குறுகிய வண்ண வெளி) ஆக வெளியேற்றும்போது அதற்குள் அடங்காத சிவப்பெல்லாம் ஒரே மதிப்பில் நசுங்கும். எடிட்டரில் மடிப்பு தெரிந்து, ஏற்றிய படத்தில் காணாமல் போவதன் காரணம் இதுதான். சாஃப்ட் ப்ரூஃபை (வெளியேற்றிய படத்தின் முன்னோட்டம்) எஸ்ஆர்ஜிபியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இறக்குங்கள்.

இரைச்சல் நீக்கம் கடைசியில். போன் ஆப் மொத்தப் படத்துக்கும் ஒரே அளவு போட்டதால்தான் மெழுகு. வண்ண இரைச்சல் 25, அதற்குக் கஞ்சம் வேண்டாம், பச்சை-ஊதாப் பொட்டுகள்தான் அசிங்கம். பிரகாச இரைச்சல் முகத்துக்கு 15, பின்னணிக்கு மாஸ்க் போட்டு 45. அரிதாரத்தில் இருக்கும் தூரிகைத் தடமும் வியர்வை வழிந்த கோடும் மணிமணியான இரைச்சலும் ஏறக்குறைய ஒரே பருமன். ஒன்றை அழித்தால் மற்றதும் போகும். கொஞ்சம் மணல் இருந்தால் இருக்கட்டும், 2048-க்குச் சுருக்கும்போது அதில் பெரும்பகுதி தானே கரையும். கூர்மையாக்கல் சுருக்கிய பிறகு, ஆரம் 0.5 முதல் 0.7, கண்ணுக்கும் கிரீட வேலைப்பாட்டுக்கும் மட்டும். ஜேபெக் தரம் 85. குழுவுக்கு வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டியிருந்தால் படமாக அல்லாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

படம் 2-ன் பட்டையை எடிட்டில் எடுக்க முயல வேண்டாம். இருண்ட வரிகளில் வெளிச்சம் மட்டும் அல்ல, நிறமும் மாறியிருக்கிறது. மாஸ்க் ஐந்து போட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் முகத்தின் நடுவே கோடு தெரியும்.

———

செம்மண்_சட்டகம்:

படம் 1-ஐ இதே வரிசையில் மறுபடி செய்து மேலே இணைத்திருக்கிறேன். கன்னம் தெரிகிறது! ஆனால் கிரீடத்தைச் சுற்றி ஒரு சாம்பல் வளையம். இன்னொரு கேள்வி: ஜெனரேட்டர் ஓடியபோது எடுத்த சில படங்கள் 1/100. அதிலும் லேசாகப் பட்டை இருக்கிறதே?

———

மின்வாரியம்_அல்ல:

சின்ன ஜெனரேட்டர் சுமைக்கேற்ப 50-க்கு மேலும் கீழும் ஆடும். 48-க்கு இறங்கினால் விளக்கின் துடிப்பு 96, ஒரு ஏற்ற இறக்கம் 10.4 மில்லி நொடி, 1/100-ல் கொஞ்சம் மிச்சம் விழும். அந்த அளவுக்கு மிக லேசான பட்டைதான் வரும். 1/50-க்கு இறங்கினாலும் அது குறையாது, இரண்டு துடிப்பு சேரும்போது மிச்சமும் இரட்டிக்கும். பட்டைகள் மெலிந்து, நெருக்கமாக, பத்து இருபது என்று இருந்தால் காரணம் ஜெனரேட்டர் அல்ல. மங்கலாக்கும் வசதியுள்ள எல்இடியின் உள் துடிப்பு, நொடிக்குச் சில நூறு முதல் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதற்கு மெக்கானிக்கல் ஷட்டரும், முடிந்தவரை மெதுவான வேகமும்தான்.

———

இரைச்சல்_குறை:

முகம் நன்றாக வந்திருக்கிறது. வெள்ளைப் புள்ளிகளில் லேசான மெஜந்தா ஏறியிருக்கிறது, டின்ட்டை 15-லிருந்து 9-க்கு இறக்கிப் பாருங்கள்.

வளையம், பின்னணி மாஸ்க்கின் ஓரத்தில் வந்தது. கிரீடத்தின் கண்ணாடித் துண்டுகளைச் சுற்றி இயல்பாகவே கொஞ்சம் ஒளி கசிந்திருக்கிறது. எஃப் 1.8-ல் அது கூடுதல். தானியங்கித் தேர்வு அந்தக் கசிவை "பொருள்" என்று எடுத்துக்கொண்டு வெளியே விட்டுவிட்டது. அதனால் 45 நீக்கம் விழுந்த இடத்துக்கும் கிரீடத்துக்கும் நடுவே மணல் மிச்சமான ஒரு விளிம்பு. அதே மாஸ்க்கில் மென்மையான தூரிகையால், ஃப்ளோ 30 வைத்து, கிரீட ஓரம் வரை பின்னணியை உள்ளே இழுத்து விடுங்கள். கிரீடத்து மேல் கொஞ்சம் ஏறினாலும் கெடாது. பிளாக் −20-ஐயும் −14 ஆக்குங்கள், திரையைப் பிடித்திருக்கும் வலது கை இருட்டில் மூழ்க ஆரம்பித்துவிட்டது.